வீடு எடிசனில், வேலை மன்ஹாட்டனில்: இரண்டு மாநிலமும் ஒரே சம்பளத்துக்கு வரி கேட்டால்?

வாசகர் கடிதம்:

வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எனக்கு வேலை மன்ஹாட்டனில். வாரம் மூன்று நாள் ரயிலில் போய்வருகிறேன், இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. மனைவி பிரின்ஸ்டனில் வேலை பார்க்கிறார், அவர் சம்பளம் 80,000 டாலர். ஒரு மகள். 2025-க்கான என் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2-வில் நியூயார்க் வரிசையில் 1,40,000, அதற்குக் கீழே நியூ ஜெர்சி வரிசையில் 1,44,000 என்று இருக்கிறது. நியூயார்க்குக்கு 8,300 டாலர் பிடித்திருக்கிறார்கள், நியூ ஜெர்சிக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. கணக்குப் போட்டால் நியூ ஜெர்சிக்கு இன்னும் 2,000 டாலர் கட்டச் சொல்கிறது. இது ஒரே சம்பளத்துக்கு இரண்டு முறை வரி இல்லையா? வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களை நியூயார்க் கணக்கிலிருந்து கழித்துவிடலாம் என்கிறார் நண்பர். எச்.ஆர். முடியாது என்கிறது. நடுவில் மூன்று வாரம் சென்னையிலிருந்தும் வேலை செய்தேன். அலைச்சலைக் குறைக்கக் குயின்ஸில் ஒரு ஸ்டூடியோ எடுக்கவும் யோசனை. மனைவிக்குப் பிலடெல்பியாவில் ஒரு வேலை வரும் போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து வழி சொல்லுங்கள்.

பதில்:

உங்கள் டபிள்யூ-2-வில் பிழை இல்லை. இரண்டு வரிசையையும் கூட்டி உங்கள் சம்பளம் 2,84,000 என்று யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. சம்பளம் ஒன்றுதான். நியூயார்க்கில் ஒரு நாள் வேலை செய்தவருக்கும்கூட, டபிள்யூ-2-வின் முதல் பெட்டியில் உள்ள முழுத் தொகையையும் நியூயார்க் வரிசையில் போட வேண்டும் என்பது அந்த மாநிலம் நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் விதி. நியூ ஜெர்சியோ தன் குடிமக்களின் சம்பளம் எங்கே ஈட்டப்பட்டாலும் தன் கணக்கில் காட்டச் சொல்கிறது. அதனால்தான் ஒரே தொகை இரண்டு இடத்தில் வருகிறது.

இரண்டுக்கும் இடையே 4,000 வித்தியாசம் இருப்பது உங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியமாகத்தான் இருக்கும். கடைசி மாதச் சம்பளச் சீட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃபெடரல் சட்டத்தின் 125-ஆவது பிரிவின்கீழ் வரிக்கு முன்னால் கழிக்கப்படும் பிரீமியத்தை ஃபெடரல் அரசும் நியூயார்க்கும் விட்டுக்கொடுக்கின்றன, நியூ ஜெர்சி விட்டுக்கொடுப்பதில்லை. மருத்துவச் செலவுக்கான சேமிப்பான ஹெச்.எஸ்.ஏ. கணக்கில் போடும் பணமும் அப்படியே. ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-யை மட்டும் மூவருமே கழித்துக்கொள்ள விடுகிறார்கள். இந்த 4,000-க்கு ஒரு பயனும் உண்டு. நியூ ஜெர்சியில் மொத்த வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டும் மருத்துவச் செலவைக் கழிக்கலாம், வரி கட்டிய பிரீமியமும் அந்தச் செலவில் சேரும். உங்கள் வீட்டில் அந்த எல்லை ஏறக்குறைய 4,520 டாலர். பிரீமியத்தோடு பல் மருத்துவர், கண்ணாடி, மகளின் சிகிச்சை என்று இன்னொரு 3,000 செலவாகியிருந்தால் 2,480 டாலரைக் கழிக்கலாம். பெரும்பாலானோர் இதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள்.

இனி வரிசை முறை. ஃபெடரல் ரிட்டர்னை, அதாவது வரிக் கணக்குப் படிவத்தை, முதலில் முடியுங்கள். அடுத்து நியூயார்க்கில் குடியிராதவருக்கான ஐடி-203. அது முடிந்த பிறகே நியூ ஜெர்சியின் என்ஜே-1040. மென்பொருளில் செய்தாலும் இதே வரிசைதான். நியூ ஜெர்சியை முதலில் திறந்தால் நியூயார்க் வரி எவ்வளவு என்றே அதற்குத் தெரியாது. நியூயார்க்குக்குக் கட்டிய வரிக்காகத் தன் வரியில் குறைத்துக்கொள்ளும் கிரெடிட் இல்லாமல் கணக்குப் போட்டு எட்டாயிரம், ஒன்பதாயிரம் கட்டு என்று காட்டும், பார்த்தவர் பதறிப்போவார்.

ஐடி-203-இல் இரண்டு பத்திகள் இருக்கும். ஃபெடரல் பத்தியில் குடும்பத்தின் முழு வருமானம்: உங்கள் 1,40,000, மனைவியின் 80,000. வங்கி வட்டி 2,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,22,000. நியூயார்க் பத்தியில் உங்கள் 1,40,000 மட்டும். மனைவி சம்பளமும் வட்டியும் அங்கே வரவே கூடாது. மனைவி நியூயார்க்கில் காலே வைக்கவில்லையே, அவர் சம்பளம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நியூயார்க் முதலில் முழு வருமானத்துக்கும் வரி எவ்வளவு என்று பார்த்து, அதில் தன் பங்கைத்தான் எடுக்கிறது. மனைவியின் சம்பளத்துக்கு அது வரி போடவில்லை. ஆனால் உங்கள் சம்பளம் எந்த விகிதத்தில் வரி கட்ட வேண்டும் என்பதை அந்த 80,000 உயர்த்திவிடுகிறது.

எண்களில் பார்க்கலாம். 2,22,000-இல் செலவைக் காட்டாமலே தம்பதியருக்குக் கிடைக்கும் நிலையான கழிவு 16,050, மகளுக்கு 1,000 போனால் 2,04,950. உங்கள் வருமான அளவில், கீழ் அடுக்குகளின் குறைந்த விகிதத்தால் கிடைக்கும் சலுகையை நியூயார்க் முழுதாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எனவே மொத்தத்துக்கும் 6 சதவீதம்: 12,297 டாலர். 1,40,000-ஐ 2,22,000-ஆல் வகுத்தால் 0.6306. உங்கள் நியூயார்க் வரி 7,754 டாலர். பிடித்தது 8,300. ஆக 546 டாலர் திரும்ப வரும்.

நியூயார்க் நகர வரி உங்களுக்குக் கிடையாது. வெளியிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் மீதிருந்த நகர வரி 1999-இல் நீக்கப்பட்டது. டபிள்யூ-2-வின் கடைசிப் பெட்டிகளில் நகரத்துக்கு ஏதாவது பிடித்திருந்தால், அதே ஐடி-203-இல் எழுதித் திரும்பப் பெறலாம். அலுவலகத்தில், நகரத்தில் குடியிராதவர் என்று சொல்லும் ஐடி-2104.1 என்ற படிவத்தைக் கொடுத்து அடுத்த மாதம் முதல் நிறுத்திவிடுங்கள்.

இப்போது நியூ ஜெர்சி. இங்கே உங்கள் சம்பளம் 1,44,000. மனைவியுடையது 80,000, வட்டி 2,000, மொத்தம் 2,26,000. பெரியவர்கள் இருவருக்கும் தலா 1,000, மகளுக்கு 1,500. வீட்டு வரி 11,000 கட்டுகிறீர்கள் என்று கொண்டால் அதுவும் கழியும், உச்சவரம்பு 15,000. மிச்சம் 2,11,500. தம்பதியருக்கான அடுக்குகளில் வரி 9,430 டாலர்.

இதில்தான் என்ஜே-சிஓஜே என்ற அட்டவணை வருகிறது. வேறு அரசுக்குக் கட்டிய வரிக்கான கிரெடிட் இதில்தான் கிடைக்கும். விதி எளிமையானது. நியூயார்க்குக்கு உண்மையில் சேர்ந்த வரி ஒன்று. அதே வருமானத்துக்கு நியூ ஜெர்சி போட்டிருக்கும் வரி இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அது கிரெடிட். முதலாவது 7,754. இரண்டாவதுக்கு 1,40,000-ஐ 2,26,000-ஆல் வகுத்து 9,430-ஆல் பெருக்குங்கள்: 5,842. ஆக உங்களுக்குக் கிடைப்பது 5,842. நியூ ஜெர்சிக்குக் கட்ட வேண்டியது 3,588.

இந்த ஒரு அட்டவணையில் மூன்று இடங்களில் கை தவறுகிறது. ஒன்று, கட்டிய வரி என்ற இடத்தில் டபிள்யூ-2-வில் பிடித்த 8,300-ஐ எழுதுவது. பிடித்தம் வேறு, வரி வேறு. ஐடி-203-இல் கணக்கிட்டு முடித்த 7,754-தான் அங்கே வர வேண்டும். இரண்டு, இரு மாநிலமும் வரி போட்ட வருமானம் என்ற இடத்தில் 1,44,000 எழுதுவது. அந்த 4,000-க்கு நியூயார்க் வரி போடவே இல்லை, அதனால் 1,40,000-தான். மூன்று, அதே இடத்தில் குடும்ப வருமானம் முழுவதையும் எழுதுவது. மென்பொருள் கேட்கும் கேள்வி குழப்பமாக இருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது. நியூ ஜெர்சி வரித்துறை ஐடி-203-இன் நகலைக் கேட்டுக் கடிதம் அனுப்பும்போதுதான் இந்தத் தவறு வெளியே வரும். ரிட்டர்னின் எல்லாப் பக்கங்களையும் டபிள்யூ-2-வையும் ஒரே கோப்பாக வைத்திருங்கள், கடிதம் வந்த அன்றே அனுப்பிவிடலாம்.

இரண்டு முறை வரியா என்ற உங்கள் கேள்விக்கு இனிப் பதில் சொல்லலாம். இல்லை. நியூயார்க் வரி போட்ட 1,40,000-க்கு நியூ ஜெர்சி ஒரு டாலரும் கேட்கவில்லை, தன் பங்கு 5,842-ஐ முழுதும் விட்டுக்கொடுத்துவிட்டது. ஆனால் உங்கள் அளவில் நியூயார்க் விகிதம் அதிகம். அதிகமாகப் போன 1,912-ஐ நியூ ஜெர்சி தன் பையிலிருந்து தராது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. நியூ ஜெர்சி கேட்கும் 3,588 முழுக்க மனைவியின் சம்பளத்துக்கும், வட்டிக்கும், அந்த 4,000-க்கும் உரியது.

பின்னே ஏன் 2,000 குறைகிறது? பிரின்ஸ்டன் நிறுவனத்துக்கு உங்கள் சம்பளத்தைப் பற்றித் தெரியாது. வீட்டில் வரும் வருமானமே 80,000-தான் என்று நினைத்து, கீழ் அடுக்குகளின் விகிதத்தில் ஏறக்குறைய 1,600 பிடிக்கிறார்கள். உண்மையில் உங்கள் சம்பளமும் சேர்ந்து குடும்பம் 6.37 சதவீத அடுக்கில் இருக்கிறது. அந்த இடைவெளிதான் உங்கள் 2,000. இது ஒவ்வோர் ஆண்டும் வரும். கிரெடிட், பிடித்தம் எல்லாம் போக 400 டாலருக்கு மேல் பாக்கி நின்றால், முன்வரி கட்டவில்லை என்று வட்டியும் சேரும்.

சரிசெய்ய ஒரே ஒரு தாள் போதும். மனைவி தன் அலுவலகத்தில், எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று சொல்லும் என்ஜே-டபிள்யூ4 படிவத்தைப் புதிதாகக் கொடுத்து, கூடுதல் பிடித்தம் என்ற இடத்தில் சம்பளத்துக்கு 77 டாலர் என்று எழுதட்டும். இரண்டு வாரச் சம்பளமானால் 26 முறைக்கு 2,002 டாலர். ஆண்டு பாதி போய்விட்டால் மிஞ்சிய சம்பளங்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் சொல்ல விருப்பமில்லையென்றால் என்ஜே-1040-இஎஸ் மூலம் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 என நான்கு தவணையில் தலா 500 கட்டலாம். இரண்டில் என்ஜே-டபிள்யூ4 வழிதான் சிறந்தது. தவணைத் தேதியை மறந்துவிடுவது மனித இயல்பு, சம்பளப் பிடித்தம் மறக்காது.

வீட்டு வரிக் கழிவு பற்றியும் சொல்ல வேண்டும். 11,000-க்கு 6.37 சதவீதம், 700 டாலர் மிச்சம் என்றுதான் எல்லோரும் எண்ணுவார்கள். ஆனால் கழிவு நியூ ஜெர்சி வரியைக் குறைத்தால் கிரெடிட்டின் எல்லையும் சேர்ந்து குறைகிறது. உங்கள் கணக்கில் உண்மையான மிச்சம் 267 டாலர்தான். இருவருமே நியூயார்க்கில் வேலை பார்க்கும் வீடுகளில் அதுவும் பூஜ்ஜியத்தை நெருங்கும். அப்படிப்பட்டவர்கள் கழிவுக்குப் பதிலாக 50 டாலர் கிரெடிட்டை எடுப்பதே லாபம். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆண்டு வாடகையில் 18 சதவீதத்தை வீட்டு வரியாகக் கொள்ளலாம்.

ஃபெடரல் பக்கத்திலும் 2025 கணக்கில் ஒரு மாற்றம் இருக்கிறது. மாநில வரியையும் வீட்டு வரியையும் சேர்த்துக் கழிக்க இருந்த 10,000 டாலர் வரம்பு 2025-க்கு 40,000 ஆனது. உங்கள் 8,300, மனைவிக்குப் பிடித்த 1,600, வீட்டு வரி 11,000 சேர்ந்தால் 20,900. வீட்டுக் கடன் வட்டியும் நன்கொடையும் 10,600-ஐத் தாண்டினால், 31,500 என்ற நிலையான கழிவைவிடத் தனித்தனியாகக் கழிப்பது லாபம். சென்ற ஆண்டு நிலையான கழிவு எடுத்தோம், இந்த ஆண்டும் அதுவே என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து வீட்டிலிருந்து வேலை செய்த நாட்கள். எச்.ஆர். சொல்வதுதான் சரி, உங்கள் நண்பர் சொல்வது நியூயார்க்கில் செல்லாது. அலுவலகம் நியூயார்க்கில் இருக்க, ஊழியர் தன் வசதிக்காக வெளி மாநிலத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் அந்த நாளும் நியூயார்க் நாள்தான் என்பது அந்த மாநிலத்தின் விதி. நிறுவனத்தின் வேலையே உங்களை வெளியே இருக்கக் கட்டாயப்படுத்தியிருந்தால் மட்டுமே அந்த நாளைக் கழிக்கலாம். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்யலாம் என்று நிறுவனம் அனுமதிப்பது கட்டாயம் ஆகாது. மேலாளர் மின்னஞ்சலில் ஒப்புதல் தந்திருந்தாலும் அதே நிலைதான். கொரோனாக் காலத்தில் அலுவலகமே பூட்டிக் கிடந்தபோதும் நியூயார்க் இந்த நிலையிலிருந்து இறங்கவில்லை.

இதை எதிர்த்துப் போராடியவர்கள் இருக்கிறார்கள். கனெக்டிகட்டில் வீட்டிலிருந்து வேலை செய்த சட்டப் பேராசிரியர் எட்வர்ட் ஜெலின்ஸ்கி 2003-இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். டென்னசியிலிருந்து வேலை செய்த கணினி வல்லுநர் ஹக்கபி 2005-இல் அதே நீதிமன்றத்தில் தோற்றார். இந்த விதி நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே என் கருத்து. எடிசனின் சாலையையும் பள்ளியையும் பயன்படுத்தும் நாளின் வரியை நியூயார்க் மாநிலத் தலைநகரான அல்பனிக்குக் கொண்டுபோகிறார்கள். நியூ ஜெர்சியும் 2023-இல் பதிலடியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. இப்படி விதி வைத்திருக்கும் மாநிலத்தில் வசித்துக்கொண்டு நியூ ஜெர்சி நிறுவனத்துக்கு வேலை செய்பவர்களுக்கு அதே விதியை அதுவும் பொருத்துகிறது. ஆனால் உங்கள் ரிட்டர்னை இன்று நடப்பில் உள்ள சட்டப்படிதான் எழுத வேண்டும்.

வீட்டையே நிறுவனத்தின் உண்மையான அலுவலகம் என்று நிறுவ 2006-இல் நியூயார்க் வரித்துறை ஒரு சோதனை வகுத்தது. அலுவலகத்தில் இல்லாத தனிச் சாதனமோ வசதியோ வேலைக்குத் தேவைப்பட்டு அது உங்கள் வீட்டிலோ வீட்டருகிலோ இருந்தால் தேறலாம். இல்லையென்றால், வீட்டிலிருந்து வேலை செய்வது வேலை நிபந்தனையாக இருப்பது, அலுவலகத்தில் உங்களுக்கென்று இடமே இல்லாதது, வீட்டுச் செலவை நிறுவனம் ஈடுசெய்வது போன்ற பல அடையாளங்கள் சேர்ந்து வர வேண்டும். வாரம் மூன்று நாள் போய் உட்கார மேசை இருக்கும் உங்களுக்கு இது பொருந்தாது.

சென்னையின் மூன்று வாரமும் அப்படியே. அப்பா அம்மாவைப் பார்க்கப் போய் அங்கிருந்து மடிக்கணினியில் வேலை பார்த்தது உங்கள் வசதிக்காக. அவை நியூயார்க் நாட்கள். நிறுவனமே தன் சென்னைக் கிளையில் ஒரு திட்டத்தை ஒப்படைக்க உங்களை அனுப்பியிருந்தால் கதை வேறு. விடுப்பு எடுத்து ஊரில் இருந்த நாட்கள் வேலை நாளே இல்லை, அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

கழிக்கக்கூடிய நாட்கள் எவை என்றால், நிறுவனம் வேறு மாநிலத்து வாடிக்கையாளரிடம் அனுப்பிய நாட்கள், அல்லது நிறுவனத்தின் ஜெர்சி சிட்டி கிளையில் வேலை செய்யச் சொன்ன நாட்கள். இவற்றை ஐடி-203-பி படிவத்தில் எழுத வேண்டும். 365-இல் சனி ஞாயிறு 104, பண்டிகை விடுமுறை 11, விடுப்பு 18, உடல்நலக் குறைவு 4 போனால் வேலை நாள் 228. ஜெர்சி சிட்டிக்கு 20 நாள் அனுப்பப்பட்டிருந்தால் 208-ஐ 228-ஆல் வகுத்து 1,40,000-ஆல் பெருக்க, நியூயார்க் சம்பளம் 1,27,719. வீட்டில் வேலை செய்த நாட்கள் எத்தனை என்றும் படிவம் தனியாகக் கேட்கும், மறைக்க வேண்டாம்.

பலர் எதிர்பார்க்காதது இதன் பலன் எவ்வளவு சிறியது என்பதைத்தான். அந்த 20 நாளால் நியூயார்க் வரி 680 டாலர் குறையும். உடனே நியூ ஜெர்சி கிரெடிட்டும் குறைந்து அங்கே 512 டாலர் கூடும். கையில் நிற்பது 168. நண்பர் சொல்வதுபோல் வாரம் இரண்டாக வரும் வீட்டு நாள் 90-ஐக் கழித்தால் நியூயார்க்கில் 3,061 குறைவதுபோல் தோன்றும், நியூ ஜெர்சியில் 2,306 ஏறும், மிச்சம் 755 டாலர். இரண்டு ஆண்டு கழித்து நியூயார்க் கடிதம் அனுப்பி, அலுவலக நுழைவு அட்டைப் பதிவையும் நிறுவனத்தின் கையெழுத்திட்ட கடிதத்தையும் கேட்கும். அப்போது 3,061-ஐ வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு நியூ ஜெர்சியில் அதிகமாகக் கட்டிய 2,306-ஐத் திரும்பப் பெற என்ஜே-1040எக்ஸ் என்ற திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும். பணம் திரும்பக் கேட்கக் காலக்கெடு உண்டு, பொதுவாக ரிட்டர்ன் போட்டதிலிருந்து மூன்று ஆண்டு. நியூயார்க்கோடு வாதாடி அந்தக் காலம் தாண்டிவிட்டால் அப்போதுதான் உண்மையாகவே ஒரே சம்பளத்துக்கு இரண்டு வரி. உண்மையான வெளி நாட்கள் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். பயணச் சீட்டு, செலவுக் கணக்கு, அனுப்பிய மின்னஞ்சல், அட்டைப் பதிவு எல்லாவற்றையும் அந்தந்த மாதமே ஒரு கோப்பில் சேருங்கள். மார்ச்சில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய நாட்காட்டியைத் தணிக்கையில் ஏற்க மாட்டார்கள்.

ஆர்.எஸ்.யூ., அதாவது நிறுவனம் முதலில் அளித்துப் பிறகு கைக்குத் தரும் பங்குகள், உங்களுக்கு உண்டு என்றால், வெளி நாட்கள் இருக்கும் ஆண்டுகளில் அதற்குத் தனிக் கணக்கு. பங்கு அளிக்கப்பட்ட நாளிலிருந்து கைக்கு வந்த நாள் வரையிலான வேலை நாட்களில் எத்தனை நியூயார்க்கில் என்று பார்க்க வேண்டும். அந்த ஓர் ஆண்டின் விகிதத்தைப் போட்டால் தவறு.

குயின்ஸ் ஸ்டூடியோவை மிகக் கவனமாக யோசியுங்கள். நியூயார்க்கில் நிரந்தரமாகத் தங்கும் இடம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஆண்டில் 183 நாளுக்கு மேல் அந்த மாநிலத்தில் இருந்தால், உங்கள் குடும்பமும் வீடும் எடிசனில் இருந்தாலும் நீங்கள் நியூயார்க் குடியிருப்பாளர் என்றே கணக்கு. நகரத்தில் 183 நாள் தாண்டினால் நகர வரியும் சேரும். இதில் ஒரு நாளின் எந்தப் பகுதியில் அங்கே இருந்தாலும் முழு நாள். காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஆறுக்குத் திரும்பினாலும் ஒரு நாள்தான். இன்று உங்கள் அலுவலக நாட்கள் 228-இல் வீட்டு நாள் 90 போக 138. எல்லைக்கு 45 நாள் இடைவெளி இருக்கிறது. ஸ்டூடியோ இருந்தால் சனிக்கிழமை சினிமா, நண்பர் வீட்டு விருந்து, வெள்ளி காலை தாமதமாகக் கிளம்புவது என்று அது கரைந்துவிடும். நிறுவனம் நான்கு நாள் வரச் சொன்னால் சனி ஞாயிறுகளே இல்லாமல் எல்லைக்கு மிக அருகில் போய்விடுவீர்கள், ஐந்து நாள் என்றால் தாண்டியே விடுவீர்கள்.

தாண்டினால் நகர வரி மட்டுமே உங்கள் சம்பளத்தில் ஏறக்குறைய 5,000 டாலர். அதற்கு நியூ ஜெர்சியில் கிரெடிட் கேட்டுப் பயனில்லை. உங்கள் கிரெடிட் ஏற்கெனவே எல்லையைத் தொட்டுவிட்டதால் அந்த 5,000 முழுதும் கைக்காசு. வாடகையோடு இதையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். எப்போதாவது தாமதமாகும் இரவுக்கு விடுதி அறை எடுப்பது நிரந்தர இடம் ஆகாது. உங்களுக்கு அதுவே மலிவு.

மனைவியின் பிலடெல்பியா வேலை இதற்கு நேர்மாறான கதை. நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும் சம்பளத்துக்குப் பரஸ்பர ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. யார் எங்கே வசிக்கிறாரோ அந்த மாநிலம் மட்டும்தான் வரி போடும். நியூயார்க்கோடு நியூ ஜெர்சிக்கு இப்படி ஒப்பந்தம் இல்லை, அதனால்தான் உங்களுக்கு இத்தனை பக்கம் எழுத வேண்டியிருந்தது. வேலையில் சேரும் முதல் நாளே, பென்சில்வேனியா வரியைப் பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் ஆர்இவி-419 என்ற படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் பென்சில்வேனியாவின் 3.07 சதவீதம் பிடிக்கப்படும், 80,000-க்கு 2,456 டாலர். அந்தப் பணத்துக்கு நியூ ஜெர்சியில் கிரெடிட் கேட்பதுதான் இங்கே வழக்கமான பிழை. கட்ட வேண்டியிராத வரிக்குக் கிரெடிட் கிடையாது என்று நியூ ஜெர்சி மறுத்துவிடும். அந்த மாநிலத்தின் ரிட்டர்னான பிஏ-40 போட்டுப் பென்சில்வேனியாவிடமே முழுப் பணத்தையும் திரும்ப வாங்க வேண்டும். நியூ ஜெர்சிக்கு அதற்குள் கட்டியாக வேண்டும், அதுவரை பணம் அங்கே முடங்கிக் கிடக்கும்.

பிலடெல்பியா நகரத்தின் சம்பள வரி அந்த ஒப்பந்தத்தில் இல்லை. வெளியூர்க்காரருக்கு அது 2025-இல் 3.4 சதவீதத்துக்குச் சற்று மேல், மனைவியின் சம்பளத்தில் 2,750 டாலரை ஒட்டி வரும். இதற்கு நியூ ஜெர்சியில் கிரெடிட் உண்டு. உங்களுக்கு நியூயார்க்குக்கு ஒரு என்ஜே-சிஓஜே, மனைவிக்குப் பிலடெல்பியாவுக்கு இன்னொன்று என்று தனித்தனியாகப் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டி ஒரே அட்டவணையில் எழுதக் கூடாது. அவர் சம்பளத்துக்கு நியூ ஜெர்சி வரி 3,300-ஐ ஒட்டி வருவதால் நகர வரி முழுதுமே கிரெடிட்டாகக் கிடைத்துவிடும். நிறுவனமே அவரை நகரத்துக்கு வெளியே வேலை செய்யச் சொல்லும் நாட்களுக்கு நகர வரியைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு நிறுவனத்தின் கையெழுத்து வேண்டும், எனவே வேலை ஒப்பந்தத்திலேயே எந்த நாட்கள் வீட்டிலிருந்து கட்டாயம் என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

அவர் புது வேலைக்கு மாறும்போது பிரின்ஸ்டனில் கொடுத்த 77 டாலர் கூடுதல் பிடித்தம் தானாகப் பின்தொடராது. புது நிறுவனத்தில் ஆர்இவி-419-உடன் என்ஜே-டபிள்யூ4-ஐயும் கொடுத்து, நியூ ஜெர்சி வரி பிடிப்பீர்களா என்று பேரோல் துறையிடம் கேட்கட்டும். பிடிப்பதாக இருந்தால், பிலடெல்பியா கிரெடிட் கிடைப்பதால் கூடுதல் பிடித்தம் தேவைப்படாது, அந்த இடத்தைக் காலியாக விடலாம். பிடிக்க மாட்டோம் என்றால் காலாண்டுத் தவணைதான் வழி, சேர்ந்த காலாண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.